நவம்பர் மாதத்துக் காணிக்கைக் கவர்

அன்புள்ள ஐயா,

இந்த ஆண்டு அம்மா போய்விட்டார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பூசையில் நினைவுகூர அவர்கள் பெயரை எழுதி, ஒரு கவரில் பணமும் வைத்துக் கொடுத்தேன். அப்புறம் வந்த ஒரு ஞாயிறு, இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் நற்செய்தி. பிரசங்கம் முழுக்கக் காணிக்கைதான். அதற்கடுத்த வாரம் உலக முடிவைப் பற்றிய வாசகம். இனி கிறிஸ்து அரசர் பெருவிழா, அத்தோடு திருவழிபாட்டு ஆண்டு முடிகிறது. சாவைக் காட்டி வசூல் செய்கிறார்களோ என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதே வெட்கமாகவும் இருக்கிறது. இன்னொன்று, அம்மா எங்கோ இருக்கிறார்கள் என்று என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. நம்பாமல் அவர்கள் பெயரில் கொடுப்பது பொய்தானே?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இறந்தவர்களையும் பணத்தையும் சேர்த்துப் பேசி திருச்சபை நன்றாகவே சூடு பட்டிருக்கிறது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் (இறந்தவர்களின் ஆன்மா தூய்மையாகும் இடம்) இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களை மீட்க இதோ வழி என்று பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்களே, 1517இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் கிளம்பியது அதை எதிர்த்துத்தான். ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு ஐந்நூறு வயதாகிறது, பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் வந்த சந்தேகம் அது.

ஆனால் நவம்பர் 2க்கு அதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. இறந்த விசுவாசிகள் எல்லோருக்குமாக அந்த நாளை ஒதுக்கியவர் பிரான்சின் க்ளுனி மடத் தலைவர் ஒடிலோ, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு துறவி இறந்தால் அவருடைய அன்றாடச் சாப்பாட்டுப் பங்கை நிறுத்த மாட்டார்கள், முப்பது நாள் அது ஓர் ஏழைக்குப் போகும். வருடா வருடம் அவருடைய நினைவு நாளிலும் அப்படியே. பெயர்கள் ஒரு புத்தகத்தில் ஏறிக்கொண்டே போயின. புத்தகம் தடிக்கத் தடிக்க, ஒவ்வொரு நாளும் போட வேண்டிய சாப்பாடும் கூடியது. கடைசியில் 12ஆம் நூற்றாண்டில் மடத் தலைவராக இருந்த பேதுரு, ஒரு நாளைக்கு ஐம்பது பங்குக்கு மேல் கிடையாது என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் இறந்தவர்களே இருப்பவர்களை மடத்தைவிட்டு விரட்டிவிடுவார்கள் என்ற நிலை. (ஒரு நிர்வாகிக்கு இப்படியொரு பிரச்சினை வந்தால் அது கௌரவமான பிரச்சினை என்பேன்.)

இதனால் இறந்தவரின் ஆன்மாவுக்குப் பலன் கிடைக்கும் என்று அந்தத் துறவிகள் நம்பினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. நீங்கள் அப்படி நம்பவில்லை, சரி. ஆனாலும் ரொட்டி ஒருவருடைய வயிற்றுக்குள் போனது. நம்பிக்கை அரைகுறையாக இருந்தால் ரொட்டியும் அரைகுறையாகப் பசி ஆற்றும் என்று எங்கேயும் இல்லை. நினைவுகூர்வது என்றால் மனத்துக்குள் ஒரு முகத்தை வரவழைத்துக் கண் கலங்குவது என்று நாம் வைத்திருக்கிறோம். அங்கே அது சமையலறை வேலையாக இருந்தது.

விதவைக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட பிரசங்கத்தின் மேல் எனக்கும் கொஞ்சம் கோபம் உண்டு. மாற்கு 12ஆம் அதிகாரத்தை அந்த விதவையில் ஆரம்பிக்காமல் சற்று முன்னாலிருந்து வாசியுங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்கிற மறைநூல் அறிஞர்களை இயேசு அப்போதுதான் திட்டி முடித்திருக்கிறார். உடனே காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிறார், ஒரு விதவை தன் பிழைப்புக்கு இருந்த கடைசி இரண்டு காசையும் போட்டுவிட்டுப் போகிறாள். அடுத்த அதிகாரம் தொடங்கியதும், இந்தக் கோயிலில் கல்லின் மேல் கல் நிற்காது என்கிறார். நல்ல சமாரியர் கதையின் முடிவில் 'நீயும் போய் அப்படியே செய்' என்று சொன்னவர், இங்கே அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைப் பாராட்டுகிறார், உண்மைதான். ஆனால் அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட இடத்தைப் பாராட்டியதாக எனக்குத் தெரியவில்லை. இந்தப் பகுதியை எடுத்து ஏழைகளிடம் 'நீங்களும் கொடுங்கள்' என்று பிரசங்கம் செய்ய ஒரு தைரியம் வேண்டும்.

உலக முடிவு வாசகம் வருகிற அந்த ஞாயிறைத்தான் 2017 முதல் உலக வறியோர் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள், திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தியது. பயமுறுத்துவதற்கென்றே அமைத்த வரிசை இல்லை என்பதற்கு இதைச் சொன்னேன்.

கிறிஸ்து அரசர் பெருவிழா ஒன்றும் மிகப் பழையதில்லை, 1925இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஏற்படுத்தினார், திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு அது வந்ததும் 1969 வழிபாட்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான். ஞாயிறு நற்செய்தி வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் மத்தேயு வாசிக்கிற ஆண்டில் அன்றைக்கு 25ஆம் அதிகாரத் தீர்ப்புக் காட்சி வரும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருப்பது அதுதான். பசித்தவர், தாகமாயிருந்தவர், அந்நியர், ஆடையில்லாதவர், நோயாளி, சிறையிலிருந்தவர் என்று ஆறு பேர், இவர்களுக்குச் செய்ததைத் தனக்கே செய்ததாக எடுத்துக்கொண்டு அரசர் தீர்ப்பிடுகிறார். அங்கே யாரிடமும் எதை நம்பினாய் என்று கேட்கவில்லை. அதைவிட எனக்கு வியப்பு, நல்லவர்கள் பக்கம் நிற்பவர்களுக்கும் தாங்கள் செய்தது ஞாபகமில்லை! 'எப்போது உம்மைப் பசித்தவராகக் கண்டோம்?' என்று முழிக்கிறார்கள். கொடுத்ததை ஞாபகம் வைத்து, பெஞ்சின் முதுகில் பெயர் எழுதிப் போடுகிறவர்கள் இந்தக் காட்சியில் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. பின்னால் வந்தவர்கள் தோபித்து நூலிலிருந்து இறந்தோரை அடக்கம் செய்வதை ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஏழாவதை நீங்கள் இந்த ஆண்டு செய்து முடித்துவிட்டீர்கள்.

நம்பிக்கை முழுதாக வரும்வரை கொடுக்காமல் காத்திருக்க வேண்டாம். 'நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்' என்று ஒரே மூச்சில் கத்திய தகப்பனின் மகனை இயேசு குணமாக்கினார், முதலில் போய் நம்பிவிட்டு வா என்று அனுப்பவில்லை.

அம்மா உயிரோடு இருந்தபோது யாருக்குச் சத்தமில்லாமல் உதவிக்கொண்டிருந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அநேகமாக யாராவது இருப்பார்கள், அம்மா போனதோடு அவர்களுக்கு அந்த உதவியும் நின்றிருக்கும். அதைத் தொடரலாம்.

கோயில் கவரைப் பற்றி: எங்கே போகிறது என்று கணக்கு கேளுங்கள். எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுலே, யாரும் தன்மேல் குறை சொல்லிவிடக் கூடாது என்று தீத்துவோடு வேறு ஆட்களையும் சேர்த்து அனுப்பினார், 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டும் முகம் சுளித்தார்கள் என்றால், கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அம்மா உதவிவந்த அந்த ஆளிடமே நேராகப் போய்விடுங்கள்.