பெட்டி தெரியக் கூடாது, பாட்டு கேட்க வேண்டும்: ஹால் ஆடியோ கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகை. ஹால் சின்னது, ஆளுயர ஸ்பீக்கர் வேண்டாம், வயர் தொங்கக் கூடாது, ஆனால் சத்தம் நன்றாக இருக்க வேண்டும். முடியும். ஆனால் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்பதில்தான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். காதுக்கு நேராக இருக்க வேண்டிய சின்ன ஸ்பீக்கரை அலமாரிக்குள் திணித்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வைக்கக் கூடிய, தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான சப்வூஃபரை டிவி பக்கத்தில் காட்சிக்கு வைக்கிறார்கள்.

எங்கள் ஹால் 10க்கு 14 அடி. பாட்டுதான் அதிகம் கேட்போம், வார இறுதியில் படம். சவுண்ட்பார் போதுமா, இரண்டு ஸ்பீக்கரும் ஆம்ப்பும் வாங்கலாமா? (வேளச்சேரி)

பாட்டுதான் அதிகம் என்றால் இரண்டு ஸ்பீக்கர். சவுண்ட்பார் என்பது டிவிக்குக் கீழே வைக்கும் ஒரே நீளமான பெட்டி, பெரும்பாலும் மூன்று அடி நீளம். இடது பக்கமும் வலது பக்கமும் அந்த மூன்று அடிக்குள் அடங்கிவிடும். நீங்கள் ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தால் வயலினும் மிருதங்கமும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். இரண்டு சின்ன ஸ்பீக்கரை ஆறு, ஏழு அடி இடைவெளியில் வைத்தால்தான் மேடை விரிகிறது. படம் மட்டும் பார்க்கிற வீடாக இருந்தால் நடுவில் வசனத்துக்கென்றே தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பாரைச் சொல்லியிருப்பேன்.

ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) என்றதும் பழைய இரும்புப் பெட்டியை நினைக்காதீர்கள். இப்போதைய கிளாஸ் டி வகை ஆம்ப்கள் சூடாவது குறைவு, அளவும் சின்னது. விம் ஆம்ப் போன்ற ஒன்று ஸ்பீக்கர் ஒன்றுக்கு 60 வாட் தருகிறது, எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ஆம்ப்புக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு) இருப்பதால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம். அதுவும் வேண்டாம், ஆம்ப் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால் கேஇஎஃப் எல்எஸ்எக்ஸ் 2 இருக்கிறது. உயரம் 24 சென்டிமீட்டர்தான், விலைதான் உயரம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மாதிரி 'வயர்லெஸ்' ஸ்பீக்கரில் இரண்டு பெட்டிக்கும் தனித்தனியாகக் கரண்டு வேண்டும். நம் வீடுகளில் பிளக் பாயின்ட் பெரும்பாலும் டிவிக்கு ஒரு பக்கம்தான் இருக்கும். வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் 'தியேட்டர் பாஸ்' என்று விளம்பரம் வருகிறதே, உண்மையா? (மதுரை)

1950களில் அமெரிக்காவில் கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஹாஃப்மன் ஒருவர். அவர் பெயரில் ஒரு விதி உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி), குறைந்த பவரில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் 1954இல் ஏஆர்-1 ஸ்பீக்கரில் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். சின்னப் பெட்டியில் நல்ல பாஸ் வந்தது. ஆனால் அதை ஓட்ட அந்தக் காலத்துக்குப் பெரிய ஆம்ப் தேவைப்பட்டது.

இன்று ஆம்ப் பவர் மலிவு. அதனால் உள்ளங்கை ஸ்பீக்கரிலும் மெதுவாகக் கேட்கும்போது பாஸ் நன்றாகவே இருக்கும். சத்தத்தைக் கூட்டுங்கள், சாயம் வெளுக்கும். கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) கிழியாமல் இருக்க உள்ளே இருக்கும் சிப் பாஸை மட்டும் குறைத்துவிடும். கடையில் டெமோ கேட்கும்போது பாதிச் சத்தத்தில் ஒரு முறை, முழுச் சத்தத்தில் ஒரு முறை அதே பாட்டைக் கேளுங்கள்.

ஆனால் உங்களுக்கு எவ்வளவு பாஸ் வேண்டும்? அதை யாரும் கேட்பதில்லை. கர்நாடகக் கச்சேரியை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு, எண் குறையக் குறையச் சுரம் தாழும்). அவர் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. தம்புராவின் தடித்த மந்தரத் தந்தி 65. ஐந்து கட்டையில் பாடும் பெண் என்றால் ஸட்ஜமே 196. அதாவது 60, 65 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஐந்து அங்குலக் கோன் உள்ள ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருந்தால் கச்சேரிக்கு சப்வூஃபரே வேண்டாம். அதைச் சேர்த்துப் பலரும் தம்புராவைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சினிமாப் பாட்டு வேறு கதை. பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டில் பாதி அழகு அந்தத் தந்தியில்தான் இருக்கிறது. அதைக் கேட்க ஆசை என்றால் சப்வூஃபர் வேண்டும்.

சப்வூஃபரை சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாமா? கீழ் வீட்டுக்காரர் புகார் சொல்வாரா? (சிங்கப்பூர், எச்டிபி அரசு அடுக்குமாடி வீடு)

வைக்கலாம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. அந்த அலையின் நீளமே 14 அடிக்கு மேல். ஆனால் உங்கள் முன் ஸ்பீக்கர்கள் மிகச் சின்னதாக இருந்து 120, 150 ஹெர்ட்ஸோடு நின்றுவிட்டால், மிச்சத்தை சப்வூஃபர்தான் பேச வேண்டும். அப்போது ஆண் குரலின் அடிப்பகுதி சோபாவுக்குப் பின்னாலிருந்து வரும், சகிக்காது. பெட்டி மறைய வேண்டும் என்றால் முன் ஸ்பீக்கர் ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பாஸ் கிட்டார் தெளிவாக உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாகக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே வைத்துவிடுங்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் ஒன்றிரண்டு சுரம் மட்டும் உப்பித் தெரியும். மூடிய அலமாரிக்குள் மட்டும் வேண்டாம். கதவு அதிரும், கொலு பொம்மையும் எவர்சில்வர் டம்ளரும் கூடச் சேர்ந்து பாடும்.

கீழ் வீட்டைப் பொறுத்தவரை, அடியில் கனமான ரப்பர் அல்லது ஃபோம் மெத்தை போட்டால் பெட்டியின் அதிர்வு தரைக்குப் போவது குறையும். காற்றில் போகும் பாஸைத் தடுக்காது. இரவு பத்தரைக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவதுதான் நல்ல அண்டை வீட்டுக்காரருக்கு அழகு.

இன்டீரியர் செய்பவர் ஃபால்ஸ் சீலிங்கில் நான்கு ஸ்பீக்கர் பதிக்கலாம் என்கிறார். ஒன்றுமே வெளியே தெரியாதாமே? (கோவை)

தெரியாதுதான். சமையல் செய்துகொண்டே, விருந்தாளிகளோடு பேசிக்கொண்டே பாட்டு ஓட வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். டிவிக்கு மட்டும் வேண்டாம். கதாநாயகன் எதிரே நின்று பேசுவார், வசனம் அசரீரி மாதிரி தலைக்கு மேலிருந்து வரும். சீலிங்கில் இரண்டு, டிவிக்கு இரு பக்கமும் இரண்டு சின்ன ஸ்பீக்கர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜிப்சம் போர்டு அடிக்கும் முன்பே வயர் போட்டுவிட வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். பத்து மீட்டர் தூரத்துக்குப் போகவர அதன் தடை கால் ஓமுக்கும் குறைவு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விளக்குக்கும் ஃபேனுக்கும் போகும் பைப்பில் இதை விடக் கூடாது, தனிப் பைப் கேளுங்கள். அப்புறம், டிவிக்குப் பின்னால் இரு பக்கமும் இரண்டு காலிப் பைப்பும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இன்று தேவையில்லை என்று தோன்றும்.

டிவி யூனிட்டிலேயே பிரம்புப் பின்னல் கதவு போட்டு உள்ளே ஸ்பீக்கரை வைத்தால்? (திருச்சி)

பிரம்புப் பின்னல் இடைவெளி விட்டு இருந்தால் பெரிய குறை வராது. துணி என்றால் வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் போனால் சத்தமும் போகும். கண்ணாடிக் கதவு கூடவே கூடாது. ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு ஒட்டி இருக்கட்டும், உள்ளே தள்ளினால் குகைக்குள் பேசுவது போலாகிவிடும். பின்பக்கம் காற்று போகவர ஓட்டை உள்ள ஸ்பீக்கரைத் தட்டுக்குள் வைத்தால் பாஸ் குழம்பும். முன்பக்க ஓட்டையோ, முழுதும் அடைத்த பெட்டியோ வாங்குங்கள். ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்னக் கோன்) உட்கார்ந்தவர் காது உயரத்தில் வரும்படி ஆசாரியிடம் தட்டின் உயரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊர் டிவி யூனிட்டுகள் முழங்கால் உயரத்தில்தான் நிற்கின்றன. அப்படியே விட்டால் ஸ்பீக்கரை மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டி வரும்.

பெட்டியில் 1000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (நெல்லை)

பிஎம்பிஓ (கண நேர உச்சத்தைச் சொல்லும் விளம்பரக் கணக்கு) என்று பக்கத்தில் இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக் கூடிய பவர்) எண்ணைத் தேடுங்கள். அதுவும் இல்லையா? கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 19 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கினால் 57. சுவரிலிருந்து 57 வாட் வாங்கும் பெட்டி தொடர்ந்து 1000 வாட் தர வழியே இல்லை. ஹாலில் சாதாரணமாகப் பாட்டு கேட்க ஒன்றிரண்டு வாட்தான் செலவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஓடிடியில் படம் போட்டால் வசனம் கேட்பதில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது. (ஈரோடு)

5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்தது) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று வைத்தது. இரண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கும்போது அது அமுங்கிப் போகலாம். ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ டிராக் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியிலோ ஆம்ப்பிலோ நைட் மோட் இருந்தால் போடுங்கள், சண்டைச் சத்தம் இறங்கி வசனம் மேலே வரும்.

இதெல்லாம் செய்தும் தெளிவில்லை என்றால் குற்றவாளி உங்கள் ஹால்தான். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரை, பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள ஹாலில் அந்தத் தட்டல் 'டிங்' என்று இழுக்கும். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஒரு தடித்த கார்பெட், ஜன்னலுக்குக் கனத்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. ஸ்பீக்கர் மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

புளூடூத்தில் டிவியை இணைத்தேன். வாயசைப்பும் வசனமும் ஒட்டவில்லை. (புதுச்சேரி)

புளூடூத் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. பாட்டுக்குப் பரவாயில்லை. டிவிக்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி, இல்லையென்றால் ஆப்டிகல் வயர். ஆப்டிகலில் பெரும்பாலும் டிவி ரிமோட்டால் சத்தத்தைக் கூட்டக் குறைக்க முடியாது, அவ்வளவுதான்.

அப்பா எண்பதுகளில் வாங்கிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் பரணில் இருக்கிறது. பயன்படுமா? (தஞ்சாவூர்)

முன் வலையைக் கழற்றி கோனைச் சுற்றியுள்ள வளையத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பராக இருந்து மெத்தென்று இருந்தால் நல்ல யோகம். ஃபோமாக இருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். நம் ஈரப்பதத்தில் ஃபோம் அப்படித்தான் ஆகும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். ரீகோன் செய்பவரிடம் (ஸ்பீக்கர் கோனைப் பழுதுபார்ப்பவர்) கொடுத்தால் வளையத்தை மட்டும் மாற்றித் தருவார். சொல்லாவிட்டால் மொத்தக் கோனையும் மாற்றிவிடுவார், சத்தமே மாறிப்போகும். 'வளையம் மட்டும்' என்று அழுத்திச் சொல்லுங்கள். பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன சின்ன ஆம்ப் எதுவும் இதை ஓட்டும். 4 ஓம் என்றால் ஆம்ப்பின் பின்பக்கத்தில் 4 ஓமுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.