மரை வெட்டும் டேப்பைக் கம்பியில்லாமல் கண்காணிப்பது: கேள்வி பதில்

திருச்சி, தஞ்சாவூர் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். துளைக்குள் மரை வெட்டும் கருவியான டேப்பைப் பிடித்திருக்கும் ஹோல்டருக்குள் சென்சார் வைத்து, அளவைக் காற்று வழியாக வாங்கிப் பார்ப்பது பற்றித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். துவாக்குடி வட்டாரத்தில் இவற்றைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை.

துவாக்குடியிலிருந்து: எஸ்.ஏ. 105 எஃகு வால்வு பாடியில் கடைசி வேலை எம் 10 (10 மி.மீ. விட்ட மரை) டேப். அங்கே டேப் உடைந்தால் அதுவரை செய்த வேலை எல்லாம் வீண். அந்த ஹோல்டர் எதை அளக்கிறது அண்ணா?

டேப்பைத் திருப்ப எவ்வளவு முறுக்கு விசை தேவைப்படுகிறது என்பதைத்தான் முக்கியமாக அளக்கிறது. ஹோல்டரின் உடம்பில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கும். முறுக்கும்போது எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு நெளியும். கேஜின் மின்தடை அதற்கேற்ப மாறும். பக்கத்திலேயே சின்ன பேட்டரி, பெருக்கி, ரேடியோ மூன்றும் இருக்கும். சுற்றுகிற பொருளில் கம்பி இழுக்க முடியாது என்பதால்தான் ரேடியோ. சுவிட்சர்லாந்தின் கிஸ்ட்லர் போன்றவர்கள் ஸ்ட்ரெயின் கேஜுக்குப் பதில் அழுத்தமின் படிகம் வைத்த சுழலும் டைனமோமீட்டர் செய்கிறார்கள். அது ஆய்வகத் தரம், விலையும் அப்படித்தான்.

திரையில் வரும் கோட்டைப் படிக்கப் பழகுவதுதான் இதில் பெரிய விஷயம். டேப்பின் சரிவான முனைப் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகும்போது கோடு ஏறும். எல்லாப் பற்களும் இறங்கியதும் சமமாக ஓடும். அடியில் நின்று திரும்பும் கணத்தில் எதிர்ப்பக்கம் ஒரு கூர்முனை வரும்; பாதி வெட்டிய சிப்பின் (உலோகச் சுருளின்) வேர் முறிகிற இடம் அது. அப்புறம் வெளியே வரும்வரை விசை மிகக் குறைவு.

இந்த வடிவம் எப்படி மாறுகிறது என்பதில்தான் நோய் தெரியும். சமதளம் நாளுக்கு நாள் மொத்தமாக உயர்ந்தால் டேப் மழுங்குகிறது. ஆழம் போகப் போகக் கோடு ஏறிக்கொண்டே போனால் சிப் அடைக்கிறது. முதல் சுற்றிலேயே உயரமாக ஆரம்பித்தால் துளை சின்னது, அதாவது ட்ரில்லைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கோடு ஆடினால் துளையும் டேப்பும் ஒரே நேர்கோட்டில் இல்லை. உடைந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நான்கில் எது காரணம் என்று சொல்வது கஷ்டம்.

திருவெறும்பூரிலிருந்து: மெஷினிலேயே ஸ்பிண்டில் (டேப்பைச் சுழற்றும் தண்டு) லோடு மீட்டர் இருக்கிறதே, அது போதாதா?

பெரிய டேப்புக்கு ஓரளவு போதும். கணக்கைப் பார்த்துவிடுவோம். பிட்சின் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மி.மீ.-இல்) இருமடியை மி.மீ.-இல் உள்ள விட்டத்தால் பெருக்கி, உலோகத்தின் வெட்டு எதிர்ப்பால் பெருக்கி, 8000-ஆல் வகுத்தால் முறுக்கு விசை நியூட்டன் மீட்டரில் வரும். சாதாரண எஃகுக்கு வெட்டு எதிர்ப்பைச் சதுர மி.மீ.-க்கு 2000 நியூட்டன் என்று வைத்தால், 1.5 பிட்ச் உள்ள எம் 10-க்குச் சுமார் 5.6 வருகிறது. 400 ஆர்.பி.எம்.-இல் ஓட்டினால் அது கால் கிலோவாட் கூட இல்லை. 7.5 கிலோவாட் ஸ்பிண்டிலில் இது 3 சதவீதம். எம் 4 என்றால் அரை நியூட்டன் மீட்டர்தான், 800 ஆர்.பி.எம்.-இல் சுமார் 40 வாட். ஸ்பிண்டில் வேகமெடுக்கவும் நின்று திரும்பவும் எடுக்கும் மின்சாரத்தில் அது காணாமலே போய்விடும்.

எம் 16, எம் 20 மட்டும் போடுகிறவர்கள் லோடு மீட்டரிலேயே ஆரம்பிக்கலாம். எம் 8-க்குக் கீழே என்றால் டேப்புக்குப் பக்கத்தில் அளந்தால்தான் பயன்.

தஞ்சாவூர் சிட்கோவில் தர ஆய்வில் இருக்கும் ஒரு தங்கை: எச்சரிக்கை எல்லையை எந்த அளவில் வைப்பது?

கேட்டலாக்கில் உள்ள எண்ணை அப்படியே வைக்காதீர்கள். புது டேப், புது ட்ரில், சரியான கூலன்ட் மூன்றும் இருக்கும்போது உங்கள் ஜாபிலேயே (வேலைப் பொருளிலேயே) 20, 30 துளை போட்டு அந்தக் கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அவை எந்த அகலத்துக்குள் அடங்குகின்றனவோ அதற்குக் கொஞ்சம் மேலே முதல் எல்லை. கோ கேஜ் (மரை சரியா என்று உள்ளே திருகிப் பார்க்கும் அளவி) இறுக ஆரம்பிக்கும் துளையில் விசை எவ்வளவு என்று குறித்து வையுங்கள். சில டேப்களுக்குப் பிறகு அதுவே மாற்றும் எல்லையாகிவிடும். மெட்டீரியல் வேறு ஹீட்டிலிருந்து (வேறு முறை உருக்கி வார்த்ததிலிருந்து) வந்தால் திரும்பவும் பாருங்கள், கடினம் மாறியிருக்கும்.

கீழ் எல்லையும் கட்டாயம் வேண்டும். பலர் இதை வைப்பதில்லை. விசை பூஜ்யம் என்றால் முந்தைய துளையிலேயே டேப் உடைந்திருக்கிறது, அல்லது அங்கே துளையே பெரிதாகிவிட்டது. மரையில்லாத ஜாப் அடுத்த வேலைக்குப் போய்விடாமல் தடுப்பது இந்த எல்லைதான்.

மறுபடி துவாக்குடி: உடையும் முன் மெஷினை நிறுத்திவிடுமா? விற்க வந்தவர் அப்படித்தான் சொன்னார்.

மெதுவாக மழுங்கி உடையும் டேப்பை முன்கூட்டியே எடுத்துவிடலாம். துளையின் அடியில் இடித்து உடைகிற டேப்பைக் காப்பாற்ற முடியாது. விற்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஏன் என்று பாருங்கள். 600 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 10 சுற்று. டேப் உடைய ஒரு சுற்றின் சின்னப் பகுதியே போதும். ரேடியோ, ரிசீவர், கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றையும் செய்தி கடந்து, ஸ்பிண்டில் வேகம் குறைவதற்கு 100 மில்லிசெகண்ட் ஆனாலே ஒரு முழுச் சுற்று போய்விடும். இன்னொரு சிக்கல், ஜி84 (மரை வெட்டும் சி.என்.சி. கட்டளை) ஓடும்போது ஸ்பிண்டிலும் டேப்பை உள்ளே இறக்கி வெளியே எடுக்கும் இசட் அச்சும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். பல கட்டுப்பாடுகளில் ஃபீட் ஹோல்டு (நகர்வை நிறுத்தும் பொத்தான்) அழுத்தினாலும் டேப் வெளியே வந்த பிறகுதான் நிற்கும். பாராமீட்டரை மாற்றாமல் நடுவில் நிறுத்த முடியாது, கண்டபடி நிறுத்தினால் அதுவே டேப்பை உடைக்கும்.

அதனால் நான் எப்போதும் அடுத்த துளைக்குப் போகலாமா வேண்டாமா என்ற முடிவைத்தான் சென்சாரிடம் விடுகிறேன். அதற்குத் தேவையான நேரம் தாராளமாக இருக்கிறது. திடீர் இடிக்கு, விசை மீறினால் நழுவும் கிளட்ச் உள்ள டேப் ஹோல்டர் போடுங்கள். கிளட்ச் நழுவியதும் மெஷினுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இசட் அச்சு இறங்கிக்கொண்டே இருக்கும்.

திருவெறும்பூர் ஃபேப்ரிகேஷன் பட்டறை: பக்கத்திலேயே டிக் வெல்டிங் ஓடுகிறது. ரேடியோ தாங்குமா?

பெரும்பாலான ஹோல்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும். நம் நாட்டில் அதற்கு லைசென்ஸ் வேண்டாம். மெஷின் மூடியிருக்கும் தகரம் அலையை மறைக்கும், கூலன்ட் தண்ணீரும் கொஞ்சம் விழுங்கும். ஆகவே ஆன்டெனாவை மூடிக்கு உள்ளேயே, கூலன்ட் நேராகப் பீய்ச்சாத மூலையில் வையுங்கள். டிக் பற்றவைக்கும்போது வரும் உயர் அதிர்வெண் இரைச்சல் அதிகமாக நுழைவது ரிசீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள் வழியாகத்தான். ஷீல்டு உள்ள கேபிள் போட்டு, எர்த்தைச் சரி செய்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

865 மெகாஹெர்ட்ஸ் லோரா ரேடியோ போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தூரம் போகும், ஆனால் முழுக் கோட்டையும் அனுப்ப வேகம் பத்தாது. 'சரி', 'மாற்று' என்ற நிலையை மட்டும் அலுவலகத்துக்கு அனுப்ப நல்லது.

மன்னார்குடியில் அறுவடை இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறை: சம்பா அறுவடை நேரத்தில் டேப் உடைந்தால் வண்டி நின்றுவிடுகிறது. நாங்களும் வாங்கலாமா?

வேண்டாம் அண்ணே. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு உலோகம், அதிலும் பாதி கையால் போடுவது. ஒப்பிட ஒரே மாதிரித் துளைகள் இல்லாத இடத்தில் இந்தச் சென்சாருக்கு வேலையே இல்லை. அந்தப் பணத்தில் நல்ல டேப் செட்டும், வாரம் ஒரு முறை கூராக்கிய ட்ரில்லும் வைத்துக்கொள்ளுங்கள். எம் 10-க்கு 8.5 ட்ரில் என்பது வழக்கம், 8.6 போட்டாலும் 6எச் என்ற மரை அளவு வரம்புக்குள் அடங்கும், டேப்புக்குப் பாரம் நன்றாகக் குறையும். அடி மூடிய துளைக்குச் சிப்பை மேலே இழுக்கும் ஸ்பைரல் டேப், ஊடுருவும் துளைக்குச் சிப்பை முன்னால் தள்ளும் கன் டேப். இதை மாற்றிப் போடுவதால் உடைவதுதான் நம் பக்கம் அதிகம்.

கும்பகோணம் பாலிடெக்னிக் மாணவர்: ரேடியல் டிரில்லிங் மெஷினில் குறைந்த செலவில் செய்து பார்க்க வழி இருக்கிறதா சார்?

இருக்கிறது தம்பி, நல்ல புராஜெக்ட். மோட்டார் வயரில் மின்னோட்ட சென்சார், இஎஸ்பி 32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, வைஃபை. ஆனால் வெறும் ஆம்பியரை மட்டும் அளந்தால் ஏமாந்து போவீர்கள். இண்டக்ஷன் மோட்டார் பாரமே இல்லாமல் ஓடும்போதும் காந்தப்புலத்துக்காக நிறைய மின்னோட்டம் எடுக்கும், சின்னப் பாரத்துக்கு அது அதிகம் மாறாது. மின்னழுத்தத்தையும் சேர்த்து அளந்து உண்மையான வாட்டைக் கணக்கிடுங்கள், வெறும் ஓட்டத்தின் வாட்டைக் கழியுங்கள். மெஷினில் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால் சாதாரண கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் குறைந்த அதிர்வெண்ணில் தவறு காட்டும், ஹால் சென்சார் வாங்குங்கள். வினாடிக்கு ஒரு வாசிப்பு எதற்கும் உதவாது. எம் 6 டேப் 600 ஆர்.பி.எம்.-இல் 15 மி.மீ. ஆழம் போக ஒன்றரை வினாடிதான். வாட் கணக்கிட மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் வினாடிக்கு ஆயிரம் முறையாவது எடுங்கள். மின்சார வேலையை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஃபார்ம் டேப்புக்கும் இதே எல்லை வைக்கலாமா?

கூடாது. அது உலோகத்தை வெட்டாமல் அழுத்தித் தள்ளுவதால் விசை இரண்டு மடங்கு வரை போகும். துளையும் வேறு: எம் 8-க்கு 6.8 இல்லை, 7.4. அதற்குத் தனிக் கோடு எடுங்கள்.

நாகப்பட்டினத்தில் படகு என்ஜின் பாகங்கள் செய்பவர்: 304 ஸ்டெயின்லெஸ்ஸில் புது டேப்பிலேயே விசை ஏறுகிறது. சென்சார் கோளாறா?

சென்சார் சரியாகத்தான் காட்டுகிறது. மழுங்கிய ட்ரில் வெட்டாமல் உரசினால் 304-இன் துளைச் சுவர் கெட்டிப்பட்டுவிடும். டேப் அந்தக் கெட்டித் தோலைத்தான் வெட்டுகிறது. ட்ரில்லை மாற்றி, ஃபீடைக் குறைக்காமல் துளையிட்டு, மரைக்கு மட்டும் கூலன்டுக்குப் பதில் நல்ல டேப்பிங் ஆயில் விட்டு அடுத்த 10 துளையின் கோட்டைப் பாருங்கள். ஆரம்பமே இன்னும் உயரமாக இருந்தால் துளையின் விட்டத்தை அளந்து அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.