வடகனடா ஏரியில் மீன்பிடி லாட்ஜ்: ஊர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம். அப்பா தண்டேல், அதாவது படகோட்டித் தலைவர். எட்மண்டனில் சமையல் படிக்கப் போன நான், கோடை விடுமுறை வேலைக்கென்று வடமேற்குப் பிரதேசத்தில் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மீன்பிடி லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் கோடை அடுப்படியில், அடுத்த மூன்று கோடை படகில், கைடுக்குத் துணையாள். ஊருக்கு வந்த நாளிலிருந்து டீக்கடையில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. கேள்விகளை எழுதி அனுப்புங்கள் என்றேன். பதில் இதோ.

லாட்ஜ் என்றால் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்குமே, அது மாதிரியா அண்ணே? எப்படிப் போவது? (தங்கச்சிமடம்)

அந்த லாட்ஜ் இல்லை தம்பி. கரையோரம் பத்துப் பன்னிரண்டு மரக்குடில்கள், ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம், ஒரு படகுத்துறை. அவ்வளவுதான். ரோடு கிடையாது. யெல்லோநைஃப் நகரத்திலிருந்து மிதவை கட்டிய சின்ன விமானத்தில் போக வேண்டும். அது தண்ணீரிலேயே ஓடி ஏறும், தண்ணீரிலேயே இறங்கும். ஏறுமுன் பையை மட்டுமில்லை, ஆளையும் தராசில் நிறுத்துவார்கள். எடை தாண்டினால் பை அடுத்த விமானத்தில்தான். ஒரு வாரத்துக்கு ஐயாயிரம் அமெரிக்க டாலருக்கு மேலே ஆகும். மீன்பிடி உரிமச் சீட்டும் வாங்க வேண்டும்.

ஜூன் நடுவில்தான் ஏரியில் ஐஸ் உடையும். சில விரிகுடாக்களில் இன்னும் தாமதமாகும். இங்கே ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்குகிற அதே வாரத்தில் அங்கேயும் படகு இறங்கும். அந்த மாதத்தில் சூரியன் நள்ளிரவை ஒட்டி மறைந்து நான்கு மணிக்கு முன்னால் எழுந்துவிடும். முழு இருட்டே கிடையாது. எனக்கு முதல் வாரம் தூக்கம் போய்விட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் மூட்டை கட்டிவிடுவோம்.

ஏரிதானே? நம்ம கடலுக்கு முன்னாடி அது எம்மாத்திரம்? (பாம்பன்)

நானும் இப்படித்தான் பேசிக்கொண்டு போனேன். ராமநாதபுரம் மாவட்டத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் பரப்பு. ஆழம் 614 மீட்டர், வட அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. நம் கணக்கில் 330 பாகத்துக்கு மேல் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி). பாக் விரிகுடாவில் நமக்கு ஏழு பாகம் கிடைத்தாலே அது ஆழக்கடல். காற்று எழுந்தால், வாடைக்காலத்துப் பெண்கடல் (பாக் விரிகுடாவை அப்படித்தான் சொல்வோம்) போலக் குட்டைக் குட்டையாக, நெருக்கமாக அலை அடிக்கும். பதினெட்டு அடி அலுமினியப் படகில் முதுகெலும்பு கழன்றுவிடும்.

காக்கா, பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியிலே விடுறதுக்கா இவ்வளவு காசு? பைத்தியக்காரத்தனமாத் தெரியலையா? (கீழக்கரை; அங்கே காக்கா என்றால் அண்ணன்)

வந்தவற்றில் பாதிக் கேள்வி இதுதான். முதல் வாரம் எனக்கும் வயிறு எரிந்தது. எட்டுக் கிலோ மீனைக் கையில் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டார் ஒருவர். அப்பா பார்த்திருந்தால் அவரையும் சேர்த்துத் தண்ணீரில் தள்ளியிருப்பார்.

அங்கே முக்கியமான மீன் லேக் ட்ரவுட். அந்தக் குளிரில் மெதுவாகத்தான் வளரும். பத்துக் கிலோ மீனுக்கு முப்பது நாற்பது வயது இருக்கலாம். நம் சாளையும் நெத்திலியும் ஒரு வருடத்துக்குள் பெரிதாகிக் குஞ்சு போட்டு முடித்துவிடும். அந்தக் கணக்கு அங்கே செல்லாது. ஒரு பெரிய மீனைத் தூக்கி அடுப்பில் வைத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வர என் ஆயுசு வேண்டும். பக்கத்து கிரேட் பேர் ஏரியில் 1995-இல் 72 பவுண்டு ட்ரவுட் ஒன்று தூண்டிலில் ஏறியது. முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல். அதற்கு என்ன வயது இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடுவதிலும் தொழில் இருக்கிறது. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாகத் திரும்பிய சிறுமுள் இருக்குமே, அதைக் காலையிலேயே குறட்டால் நசுக்கி மழுக்கிவிடுவோம். அப்போதுதான் காயமில்லாமல் கழலும். கைவலையில் ரப்பர் கண்ணி. மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், செவுளில் விரல் படக்கூடாது. கேமரா தயாரான பிறகுதான் மீனைத் தண்ணீரிலிருந்து எடுப்போம். பத்து விநாடி. பிறகு வாலைப் பிடித்துத் தண்ணீருக்குள் நிறுத்தினால், கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். திடீரென்று உள்ளங்கையில் ஒரு உதறல், மீன் இருக்காது.

நம் களவா மீனுக்கு இதைச் செய்ய முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஆழத்திலிருந்து தூக்கினால் உள்ளே காற்றுப்பை ஊதி, குடல் வாய் வழியே பிதுங்கி, செத்த மாதிரி மிதக்கும். ட்ரவுட்டுக்கு அந்தக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு வழி உண்டு. மேலே வர வர ஏப்பம் விட்டுக்கொண்டே வரும். மீன் கண்ணில் படுமுன் குமிழி வந்துவிடும். குமிழியைப் பார்த்ததும் கைடு வலையை எடுப்பார்.

கைடு என்னதான் செய்கிறார்? எக்கோ வைத்து மீனைக் காட்டுவதா? (பாம்பன், வேறொருவர்)

ஒலி அனுப்பி ஆழமும் மீனும் காட்டும் எக்கோ கருவி உண்டு, ஜிபிஎஸ் உண்டு. ஆனால் என்னோடு இருந்த பெரியவர் அதைப் பாதி நேரம் அணைத்தே வைத்திருப்பார். டெனே பழங்குடி, அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். காலை ஆறரைக்குப் படகுத்துறைக்கு வந்ததும் பேசமாட்டார். காப்பிக் கோப்பையோடு நின்று காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தில் பார்ப்பார். எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வரும், கச்சானா கொண்டலா என்று அவரும் இப்படித்தான் நிற்பார்.

ஐஸ் விட்ட புதிதில் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே குளிர், அதனால் பெரிய ட்ரவுட் கரையோரம் ஒன்றிரண்டு பாகத்திலேயே திரியும். ஜூலை போகப் போக மேல்தண்ணீர் சூடேறும். மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது எந்தப் பாறை எங்கே சட்டென்று சரிகிறது என்று தெரிந்தவரிடம்தான் மீன் இருக்கும். நம் ஆட்கள் கடலடிப் பாறையான பாரைத் தேடிப் பார்த்துத் தூண்டில் போடுவது போலத்தான். படகை நடக்கிற வேகத்தில் விட்டு, பின்னால் பளபளக்கும் கரண்டித் தகட்டை இழுத்துக்கொண்டு போவோம். சீலாவுக்கும் சூரைக்கும் இங்கே இழுக்கிறோமே, அதே வேலை.

பைக் என்றொரு மீன் உண்டு (மோட்டார் பைக் இல்லை). ஆழமில்லாத, பாசி படர்ந்த விரிகுடாக்களில் அசையாமல் கிடக்கும். பார்த்தால் நம் ஊளி மீனின் சித்தப்பா மகன். பல்லும் அப்படியே. தங்கூசி நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும், அதனால் முனையில் கம்பி கட்டுவோம். கிரேலிங் என்பது சின்ன மீன், முதுகில் மயில்மீனுக்கு இருப்பது போலப் பாய் விரித்திருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

மீதி வேலை பொறுமை. பாதிப் பேர் தூண்டில் பிடிக்கவே தெரியாமல் வருவார்கள். சிக்கெடுத்துச் சிக்கெடுத்தே என் நகம் தேய்ந்தது.

மதியச் சாப்பாடு கரையிலேயே சமைப்பீர்களாமே? மசாலா எல்லாம் கிடைக்குமா? (தேவிபட்டினத்து அக்கா ஒருவர்)

கிடைக்காது அக்கா, நான்தான் கொண்டுபோனேன். நல்ல பெரிய மீன்களை விட்டுவிட்டு, ஒன்றரை இரண்டு கிலோ ட்ரவுட் ஒன்றிரண்டை மட்டும் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வோம். பாறைத் திட்டில் விறகடுப்பு, கனத்த இரும்புச் சட்டி. முள்ளில்லாமல் அறுத்த சதையை மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். கூட உருளைக்கிழங்கு, வெங்காயம், டப்பா பீன்ஸ். மீன் பிடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. சதை ஆரஞ்சு நிறம், கொழுப்பு அதிகம். உப்பும் மிளகும் தவிர ஒன்றும் போடமாட்டார்கள். இரண்டாவது கோடையில் மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூண்டும் அரைத்துத் தடவினேன். டெக்சாஸ்காரர் ஒருவர் மறுநாளும் அதையே கேட்டார். ஆனால் குழம்புக்கு ட்ரவுட் சரிப்படாது. வெளமீன் குழம்பு சாப்பிட்ட நாக்குக்கு அது பிடிக்காது.

லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணுமா? (தொண்டி)

இதற்கு நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் கோடை, படகுத்துறையிலிருந்து படகில் கால் வைக்கையில் வழுக்கி விழுந்தேன். ஜாக்கெட் இல்லை. கடற்கரைப் பையன், நீச்சல் தெரியும் என்ற திமிர். தண்ணீர் நான்கைந்து டிகிரி. விழுந்ததும் மூச்சு தானாக உள்ளே இழுத்தது, நான் இழுக்கவில்லை. கத்த வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. கயிறு கைக்கு எட்டியும் விரல் மடங்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார் அந்தப் பெரியவர். திட்டவில்லை. அடுப்பருகே உட்காரவைத்துவிட்டுப் போனார்.

அங்கே 1-10-1 என்று சொல்லித் தருவார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்கிக்கொள், அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் உன் பேச்சைக் கேட்கும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நினைவு போகும். நம் தண்ணீர் வெதுவெதுப்பு, உடனே கொல்லாது. ஆனால் இரவில் தவறி விழுந்தவர்கள் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பது உங்கள் தெருவுக்கும் தெரியும். நான் இப்போது இங்கேயும் போடுகிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

கரடி வருமா? (பெரியபட்டினம், ஏழாம் வகுப்பு)

வரும். நான்கு கோடையில் மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் அதுதான் முதலில் ஓடியது. கொசுவும் கருப்பு ஈயும்தான் உண்மையான எதிரி. தலைக்கு வலை போட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டும்.

அங்கே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மூன்று லட்சம் கட்டு என்று ஒரு ஏஜெண்டு சொல்கிறார். கட்டலாமா மாமா? (ஏர்வாடி)

கட்டாதே. ஆள் சேர்க்கும் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்குவது கனடாவில் சட்டப்படி தவறு. இங்கே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடு.

நம் கடலில் இந்த மாதிரி நடத்தினால் என்ன? மன்னார் வளைகுடாவில் பாரைக்கும் கட்டாவுக்கும் பஞ்சமா? (மண்டபம், என் பழைய கூட்டாளி)

மச்சான், உனக்கு ஆசை இருப்பது தெரியும். மீன் இருக்கிறது. தூண்டிலில் பாரை ஏறினால் ட்ரவுட் பிச்சை வாங்க வேண்டும், அப்படி இழுக்கும். ஆனால் தீவுப்பக்கம் 1986 முதல் தேசியப் பூங்கா. 21 தீவுகளில் அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. மீன்பிடிக்கப் பதிவான வள்ளத்தில் ஆளேற்றிச் சவாரி போவதற்கு அனுமதி வேறு. இதையெல்லாம் மறைத்துவிட்டு யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே.

காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். என் கண்ணுக்கு அதுதான் வழி. படகு ஊருடையது, வழி காட்டுகிறவன் ஊர்க்காரன், காசும் ஊருக்கு. தூண்டில் சவாரி வந்தாலும் அப்படி வர வேண்டும். வெளியூர் முதலாளி ரிசார்ட் கட்டி, சொந்தப் படகு வைத்திருந்த சம்மாட்டியின் மகனைக் கூலிக்குப் படகோட்ட வைப்பதென்றால் எனக்கு வேண்டாம்.

அங்கே கருவாடு உண்டா? (மறுபடியும் தேவிபட்டினத்து அக்கா)

உண்டு அக்கா! நான் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் குடிலில் ஒளித்து வைத்திருந்தேன். வாசனைக்குக் கரடி வரும் என்பதால் குடிலில் உணவு வைக்கக் கூடாது. மோப்பம் பிடித்தவர் அந்தப் பெரியவர்தான். மறுநாள் அவர் ஒரு துணிப்பையைப் பிரித்தார். ஒயிட்ஃபிஷ் என்ற மீனைப் பிளந்து, குறுக்கே கீறி, கம்பில் தொங்கவிட்டுப் புகையில் காயவைத்தது. உப்பே கிடையாது. புகை வாசம் தூக்கலாக, மெல்ல மெல்ல இனித்தது. பதிலுக்கு நெத்திலியை நீட்டினேன். பொரிக்காமல் பச்சையாகவே நான்கைந்தை வாயில் போட்டு மென்றார். உப்பு ரொம்ப ஜாஸ்தி என்று தலையாட்டினார். பொட்டலத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.