ஒரே பக்கம் போதுமா?

கேள்வி: என் வேலைகளைக் காட்ட ஓர் இணையதளம் செய்கிறேன். கறுப்புப் பின்னணி, நகரும் எழுத்துகள், 6 பக்கங்கள் என்று திட்டம். சரிதானா?

பதில்: நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் பெயர் ஒவ்வோர் எழுத்தாக வந்து விழும். அது முடியும்வரை பொறுமையாகப் பார்த்தது நான் மட்டும்தான். இப்போது ஒரே பக்கம். மேலே பெயர், செய்யும் தொழில் ஒரு வரியில், கீழே 4 வேலைகள். முதலில் 18 இருந்தன. சுமாரானவற்றைத் தூக்கிவிட்டேன், மனசு கேட்கவில்லைதான்.

கறுப்பு தப்பில்லை. ஆனால் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன இணைய அணுகல் வழிகாட்டுதல்கள். நான் கறுப்பின்மேல் ஆசையாக வைத்த அடர்சாம்பல் எழுத்து அதில் தேறவில்லை. எழுத்துரு? பார்ப்பவர் கருவியில் இருப்பதே போதும். தனியாக ஒன்று பதிவிறங்க வேண்டியதில்லை. அப்புறம், மின்னஞ்சல் முகவரியைத் தேடவைக்காதீர்கள்.