கியர்பாக்ஸை மாற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

வணக்கம். காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் வேன் நகர்கிறது, 2-லிருந்து 3-க்கு மாறும்போது உதறுகிறது, மெக்கானிக் முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் அதன் ஆயில் (இன்ஜின் ஆயில் அல்ல) குறைந்தாலே ரிவர்ஸ் இப்படித் தாமதமாகும்.

கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருந்தால், கையேட்டில் சொன்ன முறைப்படி அளவு பாருங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டு முகருங்கள். சிவப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு. கருத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகுகின்றன. பளபளக்கும் உலோகத் துகள் தெரிந்தால் மெக்கானிக் சொல்வதுதான் சரி. துகள் இல்லையென்றால், வண்டியின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பி0700 (P0700) என்ற குறியீடு 'கியர்பாக்ஸில் ஏதோ கோளாறு' என்ற பொது அறிவிப்பு மட்டுமே, அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கூடவே பி0750 வந்தால் ஷிஃப்ட் சோலனாய்டு (கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் மின் வால்வு), அதன் வயரிங் பக்கம் பார்க்க வேண்டும். செலவு பெரும்பாலும் குறைவு.

அடுத்த வேன் எந்தக் கம்பெனியில் வாங்கலாம் என்றும் கேட்டீர்கள். பெயரை நம்பாதீர்கள், மாடல் ஆண்டைப் பாருங்கள். நல்ல பெயர் எடுத்த ஹோண்டாவே 2002-04 மாடல் ஒடிசி வேனை கியர்பாக்ஸ் சூடாகும் பிரச்சினைக்காக 2004-ல் திரும்ப அழைத்தது. கியர் ஆயில் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். 'ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம்' என்பாரானால், நானாக இருந்தால் அந்த வண்டியை வாங்க மாட்டேன்.