திரியும் மீன் குழம்பு, நீர் விடும் துவரன், கசக்கும் தீயல்: அரைப்பில் எங்கே பிழை?

கேள்வி: சொந்த ஊர் அருமனைப் பக்கம். நாகர்கோவிலில் வேலை கிடைத்து, தனியாக வீடு எடுத்துச் சமைக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு மிக்சி, ஒரு குக்கர், இரண்டு அடுப்பு இருக்கிறது. மீன் குழம்பு வைத்தால் தேங்காய் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கிறது, மீனும் உடைந்துபோகிறது. தேங்காய் போட்டுப் பொரிக்கும் துவரன் நீர் விடுகிறது. வறுத்த தேங்காயை அரைத்து வைக்கும் தீயல் கசக்கிறது. அம்மாவிடம் கேட்டால், "கண் அளவுதான் மக்களே, பாகம் பார்த்து எறக்கு" என்கிறாள். அந்தப் பாகம்தான் எனக்குப் பிடிபடவில்லை. அளவோடு சொல்லித் தர முடியுமா?

பதில்: மீன் உடைவதை விட்டுவிட்டால் மற்ற மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றுதான்: அரைப்பு. தேங்காயை எவ்வளவு நைசாக அரைக்கிறோம், எப்போது சேர்க்கிறோம், சேர்த்த பிறகு எவ்வளவு நேரம் தீயில் வைக்கிறோம் என்ற மூன்றும் கறிக்குக் கறி மாறும். குமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. இங்குள்ள சமையலும் அந்தப் பக்கத்துச் சாயலோடுதான் இருக்கிறது. குழம்புக்கு உடம்பு கொடுப்பது தேங்காய். பல்லாரியும் (பெரிய வெங்காயம்) தக்காளியும் வதக்கி மசாலா போடும் வேறு ஊர் வீடியோவைப் பார்த்துக்கொண்டே நடுவில் நம் ஊர்த் தேங்காயையும் சேர்த்தால், இரண்டு பக்குவமும் கெட்டுவிடும். தொடக்கத்தில் ஒரு வழியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கீழே கப் என்பது 240 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. நடுத்தரத் தேங்காயில் ஒரு முறியை, அதாவது பாதியை, துருவினால் ஒரு கப்பும் கொஞ்சம் கூடவும் கிடைக்கும். ஒரு கப் துருவல் ஏறத்தாழ 80 கிராம். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் விழும் அளவுக்கு அழுத்தித் துருவ வேண்டாம். தீயலுக்கு அது கெடுதல் இல்லை, ஆனால் அவியலும் மோர்க்கறியும் நிறம் மங்கிவிடும்.

அரைக்கும்போது பெரும்பாலானவர்கள் தண்ணீரைத்தான் தவறாக ஊற்றுகிறார்கள். முதலிலேயே அரை கப் ஊற்றினால் துருவல் மிதந்து பிளேடுக்குச் சிக்காது. சின்ன ஜாரில் முதலில் வெறுமனே ஒரு சுற்று விடுங்கள். பிறகு இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர், ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஒரு சுற்று, இன்னும் கொஞ்சம் தண்ணீர். ஒரு கப் தேங்காய்க்கு மொத்தம் அரை கப் போதும். அரை நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட விடாதீர்கள். ஜார் சூடாகித் தேங்காய் எண்ணெய் கக்கிவிடும், அந்த அரைப்பு குழம்பில் திரியாமல் இருக்காது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த துருவலை அப்படியே போட்டாலும் சரிப்படாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் கொழுப்பு திப்பி திப்பியாக ஜாரில் ஒட்டும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அரையுங்கள். மீன் குழம்புக்கு இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தால் மணலே தட்டுப்படக் கூடாது.

இனி மீன் குழம்பு. அரைக் கிலோ மீனுக்கு ஒரு கப் துருவல், ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒன்றரை டேபிள்ஸ்பூன் மல்லித்தூள், அரை டீஸ்பூன் மஞ்சள், ஐந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கால் டீஸ்பூன் நல்லமிளகு (மிளகு). எல்லாவற்றையும் சேர்த்தே அரைத்துவிடலாம். நெல்லிக்காய் அளவு, அதாவது 15 முதல் 20 கிராம் புளியை ஒரு கப் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரையுங்கள். மாங்காய் போடுவதானால் புளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். குடம்புளி என்றால் இரண்டு சுளையைக் கழுவி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சட்டியில் போடுங்கள்.

முருங்கைக்காய் போடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் முக்கால் கப் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பிலும் ஏழு நிமிடம் வேகவிடுங்கள். புளி ஏறிய பிறகு காய் சீக்கிரம் வேகாது. புளிப்பு, காயின் நாரைப் பிணைக்கும் பெக்டினைக் கரையவிடாது. சாம்பாரில் பருப்பு வேகும் முன் புளி ஊற்றினால் பருப்பு கொட்டை கொட்டையாக நிற்பதும் இதனால்தான். முருங்கைக்காய் வெந்ததும் அரைப்பு, புளித்தண்ணீர், கீறிய மூன்று பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு டீஸ்பூன் உப்பு சேர்த்துக் கலக்கி, நடுத்தரத் தீயில் வையுங்கள். முதல் கொதி வரும்வரை அடியிலிருந்து கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், இந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூன்று நான்கு நிமிடம் விட்டால் தூளின் பச்சை வாடை போய்விடும். ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். மல்லித்தூளின் மாவுச் சுவை தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம். அது தெரியாத நிலைதான் அம்மா சொல்லும் பாகம். மீன் போட வேண்டிய நேரம் அது.

குழம்பு ஏன் திரிகிறது? தேங்காயின் கொழுப்பைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்து வைப்பது அதிலுள்ள புரதம். 80 டிகிரியை ஒட்டி அந்தப் புரதம் இறுகத் தொடங்கும். தளதளவென்று நெடுநேரம் கொதித்தால் அது திரண்டு கட்டியாகி, கொழுப்பும் தண்ணீரும் பிரிந்துவிடும். புளி கூடினால் இன்னும் சீக்கிரம் பிரியும். ஆகவே அரைப்பு சேர்த்த பிறகு ஓரத்தில் மட்டும் சிறு குமிழ் வரும் தீயே போதும். பிரிந்துபோன குழம்பைக் கொட்டிவிட வேண்டியதில்லை. மீனைத் தனியே எடுத்துவிட்டு, ஒரு டீஸ்பூன் பச்சரிசி மாவை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இளந்தீயில் இரண்டு நிமிடம் கிண்டுங்கள். பழைய ருசி முழுதாகத் திரும்பாது, ஆனால் குழம்பு சேர்ந்து நிற்கும்.

மீன் உடைவதற்கு வருவோம். மீன் சதையின் அடுக்குகளைச் சேர்த்து வைக்கும் தசைநார் ஆட்டுக்கறியில் இருப்பதைப் போல உறுதியானது அல்ல. கொஞ்சம் சூட்டிலேயே கரைந்துவிடும். கரைந்த பிறகு கரண்டி பட்டால் அடுக்கடுக்காகப் பிரியும். மீன் விழுந்த பிறகு கரண்டி உள்ளே போகவே கூடாது. சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். இதற்கு வாய் அகன்ற மண்சட்டி வசதி. மீன் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியாமல் ஒரே வரிசையில் கிடக்கும். சாளைக்கு (மத்தி) ஐந்து ஆறு நிமிடம், அயிலைக்கு (கானாங்கெளுத்தி) ஏழு, கனமான நெய்மீன் (வஞ்சிரம்) துண்டுக்கு எட்டு முதல் பத்து. மண்சட்டி இறக்கிய பிறகும் சூட்டை விடாது, அதனால் ஒரு நிமிடம் முன்னதாகவே அடுப்பை அணைத்துவிடலாம். பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் கடுகு, ஒரு சிட்டிகை வெந்தயம், நறுக்கிய நாலைந்து உள்ளி, கறிவேப்பிலை தாளித்து ஊற்றி மூடி, அரை மணி நேரம் கழித்துப் பரிமாறுங்கள். உப்பும் புளியும் மீனில் ஏற அந்த நேரம் வேண்டும்.

மீன் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாளையும் அயிலையும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலைவலி எடுக்கும். செவுள் சிவப்பாகவும் கண் தெளிந்து துருத்தியும், அழுத்தினால் வயிறு குழியாமலும் இருக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்து வாங்குவதானால் ஐஸில் கிடந்த மீனாகப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் குடலும் செவுளும் நீக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். விசைப்படகுத் தடைக்காலமும் நினைவில் இருக்கட்டும். சின்னமுட்டம் அடங்கிய கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். அந்த நாட்களில் வள்ளத்து (நாட்டுப்படகு) மீன்தான் பெரும்பாலும் புதிதாகக் கிடைக்கும், விலையும் ஏறும். பெரிய மீன் மலிவாகக் கிடைத்தால் எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

துவரனுக்கு அரைப்பு நேர் எதிர். இங்கே தேங்காய் அரையவே கூடாது, ஒதுங்கினால் (கொரகொரப்பாக நசுங்கினால்) போதும். கால் கிலோ பயறோ முட்டைக்கோசோ எடுத்தால் அரை கப் துருவல், இரண்டு பச்சை மிளகாய், மூன்று உள்ளி, கால் டீஸ்பூன் சீரகம், கால் டீஸ்பூன் மஞ்சள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் மிக்சியை இரண்டு மூன்று முறை விட்டு விட்டுத் திருப்புங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுந்து, வத்தல் மிளகாய் தாளித்து, பொடியாக நறுக்கிய காயும் உப்பும் போட்டு, பயறானால் கை நிறையத் தண்ணீர் தெளித்து மூடுங்கள். முட்டைக்கோசுக்குத் தெளிக்கவே வேண்டாம், உப்பு பட்டதும் அதுவே நீர் விடும். உங்கள் துவரன் நசநசப்பதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். முக்கால் வேக்காட்டில் நடுவில் குழி பறித்து, ஒதுக்கிய தேங்காயை வைத்து, காயால் மூடி, தட்டைப் போட்டு இரண்டு நிமிடம். அந்த ஆவியில் உள்ளியின் பச்சை வாடை போய்விடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, தீயைக் கூட்டி, ஈரம் வற்றும்வரை புரட்டுங்கள். கடைசிவரை மூடி வைப்பவர்களுக்குத் துவரன் அமையாது.

தீயல் கசக்கக் காரணம் அவசரம். ஒரு கப் துருவலை ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில், அடி கனத்த சட்டியில், இளந்தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வறுக்க வேண்டும். நான்கு உள்ளியும் கறிவேப்பிலையும் அரை டீஸ்பூன் நல்லமிளகும் கூடவே போடலாம். முதல் ஏழெட்டு நிமிடம் ஈரம்தான் போகும், நிறம் மாறாது. அங்கேதான் பொறுமை இழந்து தீயைக் கூட்டுகிறார்கள். உடனே ஓரம் கருகும், நடு வெளுத்திருக்கும். கருகிய துணுக்கு ஒரு ஸ்பூன் விழுந்தாலும் முழுக் குழம்பும் கசந்துவிடும். சர்க்கரையோ வெல்லமோ போட்டு அதை மறைக்க முடியாது. புதிதாக வறுப்பதுதான் வழி. தேங்காய் காப்பித்தூள் நிறத்தைத் தொடும் முன்பே அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே ஒரு டேபிள்ஸ்பூன் மல்லித்தூளும் ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூளும் சேர்த்துப் புரட்டி, உடனே ஒரு தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். சூடான சட்டியிலேயே விட்டால் தொடர்ந்து கருகும். தூளை முதலிலேயே போடுவதும் கசப்புக்கு இன்னொரு காரணம். ஆறிய பிறகு தண்ணீர் விடாமல், எண்ணெய் கசிந்து கட்டியாகும்வரை அரைத்துவிட்டு, அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

உள்ளித் தீயல்தான் தொடக்கத்துக்கு ஏற்றது. 200 கிராம் சின்ன உள்ளியை உரித்து இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, 20 கிராம் புளியை ஒன்றரை கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு ஐந்து நிமிடம் கொதித்ததும் அரைப்பைச் சேருங்கள். மீன் குழம்புக்குச் சொன்ன கட்டுப்பாடு இங்கே கிடையாது. வறுத்த தேங்காய் எண்ணெய் பிரிவதுதான் தீயலுக்கு அழகு. மேலே எண்ணெய் மினுங்கிக் குழம்பு கெட்டியாகும்வரை பத்து நிமிடம் கொதிக்கட்டும்.

சோற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புச் சம்பா அரிசியானால் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீரில் திறந்து வேகவைத்து வடியுங்கள். முப்பத்தைந்து நாற்பது நிமிடம் ஆகும்.

மீன் குழம்பு கைவந்ததும் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவிக்க ஆசை வரும். அதற்கும் ஒரு கட்டாயம் உண்டு. மரச்சீனியில் சயனைடை வெளியிடும் லினமரின் இருக்கிறது, கசப்பு ரகத்தில் கூடுதல். வெளித்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த வெள்ளைத் தோலையும் உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரும் உப்பும் மஞ்சளும் சேர்த்து முழுக்க வேகவைத்து, நடு நரம்பை எடுத்துவிடுங்கள். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி அவிப்பது இந்தக் கிழங்குக்கு ஆகாது. பச்சையாக ஒரு துணுக்கைக் கடித்துப் பார்க்க வேண்டாம்; வெந்தது கசந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தனியாக இருப்பவர் தினமும் தேங்காய் உடைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தேங்காயைத் துருவி, ஒரு கப் வீதம் பிரித்து, காற்றுப் புகாத பையில் தட்டையாக அமுக்கி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். பச்சையாக அரைத்த அரைப்பை மட்டும் மறுநாளைக்கு வைக்காதீர்கள். உள்ளி சேர்ந்த அரைப்பு ஃப்ரிட்ஜிலும் சீக்கிரம் புளிக்கும். தீயலுக்கு வறுத்ததைத் தண்ணீர் படாமல் பொடித்து, உலர்ந்த பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் கெடாது. ஒவ்வொரு முறையும் ஈரமில்லாத ஸ்பூனால் எடுங்கள்.