உச்சியில் முடி மெலிகிறதா? எண்ணெயை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்

கேள்வி: லண்டன் பெக்கமில் வசிக்கிறோம். என் மனைவி கானாவின் குமாசியைச் சேர்ந்தவர், வயது 39. முடியை நேராக்கும் ரிலாக்ஸரைப் பதினைந்து ஆண்டுகள் போட்டவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்தி இயற்கைப் பொருள்களுக்கு மாறினார். பெண்கள் கூட்டுறவுக்கு நியாய விலை கொடுத்து வாங்கும் ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு), ஆப்பிரிக்கக் கறுப்புச் சோப்பு, ஜமைக்கா கறுப்பு ஆமணக்கெண்ணெய், அதில் கலந்த புதினாத் தைலம். இருந்தும் உச்சந்தலையில் 50 பென்ஸ் நாணயம் அளவுக்கு முடி மெலிந்துவிட்டது. அங்கே அரிக்கிறது, சில நாள்களில் தொட்டாலே வலிக்கிறது. அவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். ரிலாக்ஸர் போட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை. சோப்பால் முகமும் எரிகிறது. வாங்கும் ஷியா தரமானதா? எந்த எண்ணெய்க்கு மாறலாம்?

பதில்: எந்த எண்ணெய்க்கும் மாற வேண்டாம். உச்சந்தலையில் எண்ணெய் வைப்பதையே இன்றோடு நிறுத்துங்கள்.

உச்சியில் மெலிவு, அதே இடத்தில் அரிப்பும் வலியும், அம்மாவுக்கும் அதே கதை. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் ஒருவருக்கு இந்த மூன்றும் சேர்ந்திருந்தால், வேறு என்று நிரூபணமாகும்வரை அதை சென்ட்ரல் சென்ட்ரிஃபியூகல் சிகாட்ரிஷியல் அலோபேசியா என்றே கருத வேண்டும். சுருக்கமாக சி.சி.சி.ஏ. உச்சியில் தொடங்கி வட்டமாக வெளிநோக்கிப் பரவும் முடியுதிர்வு இது. மயிர்க்காலைச் சுற்றி அழற்சி ஏற்பட்டு, அது ஆறும்போது அந்த இடம் தழும்பாக மூடிக்கொள்கிறது. மூடிய மயிர்க்காலில் மறுபடி முடி முளைக்காது. ஷியாவோ, விலை உயர்ந்த சீரமோ, நான் எழுதித்தரும் மருந்தோ அதைத் திறக்க முடியாது. அவசரப்படுத்துவது அதனால்தான்.

நல்ல பகல் வெளிச்சத்தில் முடியை விலக்கி உச்சியைப் பாருங்கள். மெலிந்த இடத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துளைகள் தெரிந்தால் மயிர்க்கால்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. துளையே இல்லாமல் வழவழவென்று பளபளத்தால் அங்கே தழும்பு விழுந்துவிட்டது. இரண்டும் கலந்திருந்தால் நோய் இப்போதும் பரவிக்கொண்டிருக்கலாம். இதற்கும் முன்னதாக வரும் அறிகுறி ஒன்று உண்டு: உச்சியில் மட்டும் முடி குட்டையாக ஒடிந்து நிற்பது. வறட்சியால் ஒடிகிறது என்று நினைத்து, கிரீம் கிரீமாக மாற்றிப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கை இழப்பது இந்தக் கட்டத்தில்தான்.

ரிலாக்ஸரை நிறுத்தியும் ஏன் நிற்கவில்லை? அது மட்டுமே காரணம் இல்லை என்பதால். 1968-இல் இதை முதலில் விவரித்தபோது சூடான சீப்பின் மேல் பழிபோட்டு 'ஹாட் கோம்ப் அலோபேசியா' என்றார்கள். சூடான சீப்பைத் தொடாதவர்களுக்கும் வந்ததால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 2019-இல் வெளியான ஆய்வு, இந்த நோயுள்ள பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முடித்தண்டை உருவாக்க உதவும் பி.ஏ.டி.ஐ.3 மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டது. இறுக்கமான பின்னலும் ரசாயனமும் நிலைமையை மோசமாக்கலாம்; ஆனால் உங்கள் மனைவி தன் தலைக்குத் தானே கேடு செய்துகொண்டதாக வருந்த வேண்டியதில்லை.

உங்கள் ஜி.பி.யிடம் (பொது மருத்துவரிடம்) 'முடி கொட்டுகிறது' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்து அனுப்பிவிடுவார். 'உச்சியில் வலியோடு முடி மெலிகிறது, அம்மாவுக்கும் உண்டு, தழும்பு விழும் வகையா என்று தோல் மருத்துவர் பார்க்க வேண்டும்' என்று இதே சொற்களில் கேளுங்கள். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பரிசோதனைகள் கூடவே நடக்கட்டும். போகும்போது பின்னல், விக் எதுவும் வேண்டாம். முந்தைய மூன்று நாள் முடியில்கூட எண்ணெய் வேண்டாம். பிசுக்கு இருந்தால் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் துளைகள் சரியாகத் தெரியாது. சந்தேகம் உறுதியானால் 4 மில்லிமீட்டர் பயாப்சி, அதாவது சோதனைக்கான சிறு தோல்துண்டு, எடுப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள், ஓரிரு தையலோடு முடிந்துவிடும். முடி இன்னும் இருக்கும் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். முழுதும் வழுக்கையான நடுப்பகுதியில் எடுத்தால் வெறும் தழும்புதான் தெரியும்.

சிகிச்சை என்பது பூசும் ஸ்டீராய்டு, சில வார இடைவெளியில் உச்சியிலேயே ஸ்டீராய்டு ஊசி, சில மாதங்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். அழற்சி அடங்கியபின் முடி வளரத் தூண்டும் மினாக்ஸிடில் சேர்ப்பதுண்டு. கர்ப்பமாகும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டாக்ஸிசைக்ளின் அப்போது கூடாது. பரவுவதை நிறுத்துவதுதான் முதல் வெற்றி. உயிருள்ள மயிர்க்கால்களிலிருந்து ஓரளவு முடி திரும்புவது அதற்கு மேல் கிடைப்பது. தெரிந்தவர் கொடுத்த ஸ்டீராய்டு கிரீமை நீங்களாகப் பூச ஆரம்பிக்காதீர்கள். தோல் மெலியும், பயாப்சியும் குழப்பும்.

புதினாத் தைலத்தைத் தூக்கி எறியுங்கள். அது முடி வளர்க்கும் என்று இணையம் கொண்டாடுவது எலிகளின் முதுகில் 3 சதவீதக் கரைசலைத் தடவிப் பார்த்த ஆய்வை வைத்து. ஏற்கெனவே அழற்சி உள்ள மனிதத் தலையில் அது எரிச்சலைத்தான் கூட்டக்கூடும். ஆமணக்கெண்ணெய் நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். ஜமைக்கா வகையில் கொட்டையை வறுத்து எடுப்பதால் நிறம் கறுக்கிறது. அதன் பிசுபிசுப்பில் முடி சிக்கிச் சடைபோல் இறுகி, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தவர்கள் உண்டு.

புற்றுநோய்ப் பயத்துக்கு வருகிறேன். 2022-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளியிட்ட ஆய்வில் 33,497 பெண்கள் இருந்தார்கள். முடி நேராக்கிகளைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் போட்டவர்களில் 4.05 சதவீதம். கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிக்கடி போட்டவர்களிலும் நூற்றில் 96 பேருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நிறுத்தியது நல்ல முடிவு. இதற்காக ஸ்கேன் தேடி ஓட வேண்டாம். இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் பட்டால், அல்லது மாதவிடாய் நின்றபின் ஒரு துளி பட்டாலும், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் மிக அதிகமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்: சி.சி.சி.ஏ. உள்ளவர்களிடம் கருப்பை நார்க்கட்டிகள் அதிகம் காணப்படுவதாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது.

ஷியா வெண்ணெய் நல்ல பொருள், இடம் மாறிப் போய்விட்டது, அவ்வளவுதான். வடக்கு கானாவின் பெண்கள் கொட்டையைப் பொறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து எடுக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நியாய விலை கொடுப்பது சரியான காரியம், தொடருங்கள். சுத்திகரிக்காதது வெளிர் மஞ்சளாக, லேசான புகைவாசத்தோடு இருக்கும். மணல்மணலாக இருந்தால் கெட்டுவிட்டதென்று பொருளல்ல, உருகி மெல்ல ஆறியிருக்கிறது. மிதமான சூட்டில் உருக்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள், சரியாகிவிடும். புளித்த வாடை வந்தால் மட்டும் தூக்கி எறியுங்கள். குளித்து ஈரம் காய்வதற்குள் கை காலில் தடவலாம். சுருள்முடியின் வளைவுகளைத் தாண்டித் தலையின் எண்ணெய்ப்பசை நுனிவரை இறங்காததால் நுனி வறள்கிறது. எனவே ஈரமுடியை நான்காகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பட்டாணி அளவு, பாதி நீளத்திலிருந்து நுனிவரை மட்டும் தடவட்டும். நெற்றியோரம் பட்டால் பருக்கள் வரும்.

கறுப்புச் சோப்பு முகத்தில் எரிவது இயல்பு. வாழைத்தோலையும் கோகோ ஓட்டையும் எரித்த சாம்பல் காரத்தில் செய்வது அது, பி.எச். 9, 10 வரை போகும், நம் தோல் 5-ஐ ஒட்டியது. இயற்கைச் சாம்பலின் காரமும் காரம்தான். கறுத்த தோலில் எரிச்சல் ஆறினாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும், ஆகவே முகத்துக்கு மணமில்லாத மென்மையான கிளென்சர் போதும்.

தலையை வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை அலசட்டும். ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் போட்டு, அது தலையில் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். அடுத்த பின்னலுக்கு நேரம் வாங்கியிருந்தால் பயாப்சி முடிவு வரும்வரை தள்ளிப்போடுங்கள். பிறகு பின்னும்போதும் பின்னுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடட்டும்: இருக்கையில் உட்கார்ந்திருக்கையிலேயே வலித்தால், அந்தப் பின்னலை அங்கேயே அவிழ்த்துத் தளர்த்திப் போட வேண்டும்.